தட்டுப்படாத முத்திரை

சென்ற வாரம் நாம் அந்த வீட்டை விட்டு விலகியபோது மருமகளுக்கு வேலை கிடைத்திருந்தது. ரத்த வங்கியின் குளிர்சாதன வண்டியை ஓட்டும் வேலை. திங்கட்கிழமை காலை அவள் சாவியைப் பெற்றுக்கொள்ள வேண்டும். செய்தியைக் கேட்டு மாமனார் கைதட்டினார், நாத்தனார் கேலி செய்தாள், கணவன் சிரித்தான். ஆனால் அவனுடைய சிரிப்பு மற்றவர்களின் சிரிப்பு அடங்கிய பின்னரே எழுந்தது. அதை மருமகள் கவனித்தாள் என்பதையும், கவனித்ததை எவரிடமும் கூறவில்லை என்பதையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அவ்வேலைக்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. அரசு அண்மையில் வகுத்த புதிய விதிகளுக்கு இணங்கிய ஓட்டுநர் உரிமம் அவளிடம் இருத்தல் வேண்டும். பழைய உரிமத்தைக் காட்டினால் மருத்துவமனைகளின் பின்வாயில் திறக்காது.

"நீங்க நல்லா ஓட்டறீங்க, அதுல எனக்குக் குறையே இல்ல," என்று வண்டிப் பொறுப்பாளர் கூறியிருந்தார். "ஆனா திங்கட்கிழமை புது லைசென்ஸ் இல்லாம வந்தீங்கன்னா, சாவியை அடுத்த ஆள் கையில குடுத்துடுவேன். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது."

இன்று வெள்ளிக்கிழமை.

உரிம அலுவலகத்தின் மூன்றாவது கவுண்டருக்கு முன்னால் மருமகள் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய தோளுக்குப் பின்னால் நாத்தனார் நின்றாள். கணவனின் தங்கையாகிய இவளுக்கு வீட்டில் 'கத்திரி' என்று பெயர். குடும்பத்தின் நகல் கடையில் நாள் முழுவதும் கையில் கத்திரிக்கோலுடன் இருப்பதால் அப்பெயர் வந்ததென்று அவள் கூறுவாள். அவளுடைய நாக்கினால் வந்ததென்று மற்றவர்கள் கூறுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமையன்றுகூடக் கடையை விட்டு நகராத கத்திரி, இன்று காலை தானாகவே முன்வந்து, "நானும் வரேன் அண்ணி," என்று வண்டியில் ஏறி அமர்ந்தாள். மருமகளுக்கு அது வியப்பாக இருந்தது. இப்போது அந்த வியப்பு மெல்ல மெல்ல வேறொன்றாக மாறிக்கொண்டிருந்தது.

கவுண்டருக்குப் பின்னால் இருந்த பெண்மணி மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொரு காகிதத்தையும் வாங்கும்போது அதை அணிவார். பார்த்து முடித்ததும் கழற்றுவார்.

"பிறப்புச் சான்றிதழ். ம், சரி. நீங்க இந்த ஊர்ல, இந்த விலாசத்துலதான் இருக்கீங்கன்னு ரெண்டு ஆதாரம் வேணும். பேங்க் லெட்டர். தண்ணி பில். ரெண்டுலயும் உங்க பேர்தான் இருக்கு, சரி." கண்ணாடி கீழே இறங்கியது. "ஆனா பிறந்தப்ப ஒரு பேர், இப்ப ஒரு பேர். நடுவுல கல்யாணமா?"

"ஆமாங்க. கல்யாணத்துக்கப்புறம் அவர் பேரையும் சேர்த்துக்கிட்டேன்."

"அதுக்குத்தான் கல்யாண சர்டிபிகேட் வேணும். அது இல்லாட்டி, இந்தப் பொண்ணும் அந்தப் பொண்ணும் ஒரே ஆள்தான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மருமகள் கோப்புறைக்குள் கையை நுழைத்தாள். புதன்கிழமையே அனைத்தையும் வரிசையாக அடுக்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தாள். விரல்கள் காகிதத்தை எதிர்பார்த்துச் சென்றன. தொட்டதோ வழவழப்பை.

வெளியே எடுத்துப் பார்த்தாள். அவளுடைய திருமணச் சான்றிதழ் பளபளக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.

"இது... புதன்கிழமை இப்படி இல்லையே!"

கவுண்டர் அம்மையார் அதை வாங்கினார். இம்முறை கண்ணாடியை அணியவில்லை. கட்டைவிரலால் கீழ் மூலையைத் தடவினார். மீண்டும் ஒருமுறை தடவினார்.

"முத்திரை எங்கம்மா?"

"இதோ இருக்கே, வட்டமா."

"கண்ணுக்குத் தெரியுது. கைக்குத் தெரியலையே."

அவர் பிறப்புச் சான்றிதழை எடுத்து மருமகளின் விரலை அதன்மேல் வைத்துக் காட்டினார். அங்கே முத்திரையின் வட்டம் தாளிலிருந்து மேடாக எழும்பி நின்றது. "அசல்னா இப்படித் தட்டுப்படணும். லேமினேஷன் மெஷின்ல விட்டா சூடான உருளை ரெண்டும் சேர்ந்து அமுக்கி, முத்திரையைச் சப்பையாக்கிடும். அப்புறம் இது அசலா நகலான்னு நான் எதை வெச்சுச் சொல்றது? இந்த வேலையை யாரும்மா பண்ணினது?"

"எங்க... எங்க கடையிலதான்."

"என்ன கடை வெச்சிருக்கீங்க?"

மருமகள் வாய் திறப்பதற்குள் கத்திரி பதில் கூறினாள். "லேமினேஷன் கடைதான் மேடம்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கவுண்டர் அம்மையாரின் உதட்டோரமும் சற்று அசைந்தது.

"கல்யாணம் ஆச்சுங்கறதுக்குச் சர்டிபிகேட் எதுக்கு மேடம்? எங்க அண்ணியோட முகத்தைப் பாருங்க, அதுலயே எழுதியிருக்கு," என்று கத்திரி விடாமல் தொடர்ந்தாள்.

"முகத்தையெல்லாம் ஃபைல்ல வைக்க முடியாதும்மா." அம்மையார் காகிதங்களை ஒன்றாகத் தட்டி அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். "பிறந்ததுக்கு ஆதாரம் இருக்கு. வீட்ல இருக்கறதுக்கு ரெண்டு ஆதாரம் இருக்கு. கல்யாணம்தான் இடிக்குது. ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல கேட்டா இன்னிக்கே புது நகல் குடுப்பாங்க. வாங்கிட்டு நேரா என்கிட்ட வாங்க, மறுபடியும் வரிசையில நிக்க வேண்டாம். நாலு மணிக்கு நான் ஷட்டரை இறக்கிடுவேன். நாளைக்கும் நாளன்னைக்கும் லீவு."

கடையின் சிறிய வண்டி வெயிலில் நின்றுகொண்டிருந்தது. மருமகள் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தாள். ஆனால் சாவியைத் திருப்பவில்லை. சான்றிதழை முன்கண்ணாடியின் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தாள். அதில் எழுதியிருந்ததை அவள் படிக்கவில்லை, ஓரங்களையே பார்த்தாள்.

அக்கடையில் மாமனார் வகுத்த சட்டம் ஒன்று உண்டு. 'எழுத்தைப் பார்க்காதே, ஓரத்தைப் பார்' என்பதே அது. ஊரில் உள்ளவர்களின் பிறப்பும் இறப்பும் வழக்கும் வியாதியும் அக்கடையின் மேசை வழியாகவே செல்கின்றன. அவற்றைப் படிக்கத் தொடங்கினால் ஒருவரும் கடைப்படி ஏறமாட்டார்கள் என்பது அவருடைய உறுதியான கொள்கை. ஆதலால் அவ்வீட்டில் அனைவரும் காகிதங்களைப் படிக்காமலேயே கையாளப் பழகியிருந்தார்கள். அதேபோல், ஓரத்தைக் கண்டதும் அது யாருடைய கைவேலை என்று கூறவும் பழகியிருந்தார்கள்.

"இது உன் கை," என்றாள் மருமகள்.

"என் கை என் தோள்லதான் இருக்கு."

"விளையாடாதே. மாமா வெட்டினா மூலை நாலும் வளைஞ்சிருக்கும். உங்க அண்ணன் வெட்டினா சுத்தியும் ஒரு விரல் அகலத்துக்கு பிளாஸ்டிக்கை விட்டு வெப்பாரு. இப்படி ஒட்டி, ஒரே மூச்சுல கத்திரியை ஓட்டறது நீ ஒருத்திதான்."

கத்திரி சான்றிதழை வாங்கிப் பார்த்தாள். அவளுடைய முகத்திலிருந்த குறும்பு மறைந்தது.

"ஆமா, என் கைதான்," என்று மெதுவாகக் கூறினாள். "நேத்து சாயங்காலம் டிரேல ஒரு கட்டு இருந்துச்சு. எல்லாத்தையும் மெஷின்ல விட்டேன். அதுல இதுவும் இருந்திருக்கும்."

"உங்க அண்ணனோட கல்யாண சர்டிபிகேட்! உன் கண்ணுல படவே இல்லையா?"

"படிச்சா அப்பா தோலை உரிச்சுடுவாரே! நான் எல்லாத்தையும் கவுத்துப் போட்டுத்தான் உள்ள விடுவேன் அண்ணி. பின்பக்கம் எல்லாம் ஒரே வெள்ளைதான். உங்க கல்யாணமா இருந்தா என்ன, ஊர்க்காரன் கல்யாணமா இருந்தா என்ன?"

"அலமாரி மேல இருந்த காகிதம் தானா நடந்து வந்து டிரேல படுத்துக்கிச்சா?"

"அதை என்கிட்ட ஏன் கேக்கறீங்க?"

"வேற யார்கிட்ட கேக்கறது? இன்னிக்குன்னு பார்த்து என் கூடவே கிளம்பி வந்தியே, உன்கிட்டத்தான் கேக்கணும்."

கத்திரி முகத்தைச் சாளரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மருமகள் கணவனைத் தொலைபேசியில் அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பின்பு நடுவிலேயே அறுந்தது. மாமனாரை அழைத்தாள். அவர் உடனே எடுத்தார். கடையிலுள்ள இயந்திரத்தின் உறுமல் அவருடைய குரலுக்குப் பின்னால் கேட்டது.

"என்ன பைலட், தரையிறங்கியாச்சா?" மருமகளை அவர் ஒருநாளும் வேறு பெயரால் அழைத்ததில்லை.

"இல்ல மாமா. கல்யாண சர்டிபிகேட்டை யாரோ லேமினேட் பண்ணியிருக்காங்க. செல்லாதுன்னுட்டாங்க."

உறுமல் நின்றது. அவர் இயந்திரத்தை நிறுத்தியிருக்க வேண்டும்.

"எந்த மடப்பய பண்ணின வேலை அது?"

கத்திரி இரு கைகளையும் கூப்பித் தன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாமென்று சைகை செய்தாள்.

"டிரேல யார் வெச்சாங்கன்னு தெரியல மாமா."

"லைசென்ஸ் ஆபீஸுக்குப் போற காகிதத்தை லேமினேட் பண்ணக்கூடாதுன்னு கடை வாசல்லயே ஒட்டியிருக்கே! போன மாசம், இதேமாதிரி காகிதம் செல்லாம போன அந்தத் தையல்காரர் வந்து கத்தின கத்தல்ல கண்ணாடியே அதிர்ந்துச்சு. அதுக்கப்புறம் உன் வீட்டுக்காரன்தானே பெரிய எழுத்துல எழுதி ஒட்டினான்?"

அச்சொற்கள் மருமகளின் காதில் விழுந்து, அங்கேயே நின்றன.

"அவர் பக்கத்துல இருக்காரா மாமா?"

"காலையிலயே கிளம்பிப் போயிட்டான். பேப்பர் ரோல் வாங்கணும்னான்." மாமனார் சற்று நிறுத்தினார். மீண்டும் பேசியபோது அவருடைய குரலில் வேகம் குறைந்திருந்தது. "ரோல் முந்தாநாள்தானே வந்து இறங்குச்சு... சரி விடு. நீ ரெஜிஸ்ட்ரார் ஆபீஸுக்கு வண்டியை விடு. மத்ததை வீட்ல பேசிக்கலாம்."

'மத்ததை' என்ற சொல்லை அவர் சிறிது அழுத்திக் கூறியதாகத் தோன்றியது. அல்லது அவள் காதுதான் இன்று ஒவ்வொரு சொல்லையும் அழுத்திக் கேட்டதோ, யார் அறிவார்?

அவள் வண்டியைக் கிளப்பினாள்.

பதிவு அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் இருந்தது. தாழ்வாரத்தில் இரும்பு நாற்காலிகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தன. ஒருவர் எழுந்தால் மற்றவர்கள் குலுங்கினார்கள். மின்விசிறி சுழன்றதேயன்றிக் காற்று வரவில்லை.

கத்திரி அருகில் வந்து அமர்ந்தாள். மருமகள் ஓர் இருக்கை தள்ளி அமர்ந்தாள்.

"என்ன அண்ணி, எனக்குச் சொறி சிரங்கா?"

"இடம் இருக்கு, தாராளமா உட்காரலாம்னுதான்."

"நான் வேணும்னே பண்ணலை. நம்புங்க."

"நம்பறேன்."

"இப்படி நம்பறதுக்கு நீங்க நம்பாமலே இருக்கலாம்."

பெயர் அழைக்கப்பட்டது. இருவரும் எழுந்தனர், நாற்காலி வரிசை முழுவதும் குலுங்கியது.

பதிவு எழுத்தர் வயதானவர். காதில் பேனாவைச் செருகியிருந்தார். ஆனால் எழுதியது அனைத்தும் கணினியில்தான். மருமகளின் பழைய உரிமத்தைப் பார்த்து, திருமணப் பதிவு எண்ணைத் தட்டினார். திரையை நோக்கினார். பின்பு அவளை நோக்கிச் செல்லமாகக் கடிந்துகொண்டார்.

"என்னம்மா நீங்க, போன வாரம் வாங்கினதை அதுக்குள்ள தொலைச்சுட்டீங்களா?"

"போன வாரமா?"

"இதோ, நகல் ஒண்ணு குடுத்தாச்சுன்னு இருக்கே."

"நான் வாங்கலையே."

எழுத்தரின் கைகள் விசைப்பலகையின் மேல் அசையாமல் நின்றன. தாம் கூறியிருக்கக் கூடாத ஒன்றைக் கூறிவிட்டோம் என்பதை அவர் அப்போது உணர்ந்தார். எனினும் கூறிய சொல்லைத் திரும்பப் பெற இயலாதல்லவா?

"உங்க வீட்டுக்காரர் வந்தாரும்மா. ஒல்லியா, உயரமா. விரல் எல்லாம் ஒரே கருப்பு மை. ரெண்டு பேர்ல யார் வந்து கேட்டாலும் குடுக்கலாம், சட்டம் அப்படித்தான்."

நகல் இயந்திரத்தின் மை. அடையாளத்தில் பிழை இல்லை.

"எதுக்குன்னு சொன்னாரா?"

"காரணம் கேட்டு எழுதிக்குவோம். ஆனா அதை நான் வெளிய சொல்லக்கூடாது."

"நான் வெளியாள் இல்லைங்க. அவர் பொண்டாட்டி."

எழுத்தர் காதிலிருந்த பேனாவை எடுத்து, அதற்கு வேலை ஏதும் இல்லாததால் மீண்டும் காதிலேயே செருகினார்.

"அதனாலதாம்மா சொல்லக்கூடாது," என்றார்.

பிறகு அச்சிட்டார், கையொப்பம் இட்டார், கனமான இரும்புக் கருவியின் வாயில் தாளின் மூலையை வைத்து முழு உடலின் எடையையும் கொடுத்து அழுத்தினார். தாளை அவள் கையில் கொடுத்தபோது அவருடைய பார்வை அவளைச் சந்திக்கவில்லை.

படிக்கட்டின் திருப்பத்தில் மருமகள் நின்றாள். புதிய சான்றிதழின் மூலையில் கட்டைவிரலை வைத்தாள். முத்திரை சொரசொரவென்று தட்டுப்பட்டது. அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் அவள் மனம் வேறொரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது.

கணவன் போன வாரம் தனக்கென்று ஒரு புதிய சான்றிதழை வாங்கியிருக்கிறான். நேற்று வீட்டிலிருந்த பழைய சான்றிதழைத் தங்கையின் கையாலேயே செல்லாததாக ஆக்கி, மீண்டும் கோப்புறைக்குள்ளேயே வைத்திருக்கிறான். அறியாமல் செய்திருக்க வழியில்லை. எச்சரிக்கையை எழுதி ஒட்டியவனே அவன்தான். செல்லும் சான்றிதழ் அவனிடம் இருக்க வேண்டும், அவளிடம் இருக்கக் கூடாது. அப்படியானால் எதற்காக?

"அண்ணி," என்றாள் கத்திரி.

"சொல்லு."

"திட்டக்கூடாது."

"முதல்ல சொல்லு. திட்டறதை அப்புறம் பார்க்கலாம்."

கத்திரி படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "நான் தானா வரலை. அண்ணன்தான் கூடப் போகச் சொன்னான். எங்கெங்க போறீங்க, யார்கிட்ட என்ன பேசறீங்கன்னு பார்த்து வந்து சொல்லணும்னான். உங்க மேல அக்கறையிலதான் கேக்கறான்னு நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன்."

"வேவு பார்க்க அனுப்பினாரா?"

"அப்படிச் சொல்லாதீங்க, கேக்கவே அசிங்கமா இருக்கு."

"செய்யறப்ப அசிங்கமா இல்லையா?"

கத்திரியின் கண்கள் நிறைந்தன. மருமகளுக்கு அதைக் காண இரக்கம் தோன்றியது. உடனே அந்த இரக்கத்தின் மீதும் ஐயம் தோன்றியது. அழுபவர்கள் அனைவரும் உண்மையைக் கூறிவிட்டவர்கள் ஆவார்களா? பாதியைக் கூறி அழுது மீதியை மறைப்பவர்களும் உலகில் இல்லையா?

"காரணம் என்னன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது அண்ணி."

"உங்க அண்ணன் உன்கிட்ட மறைக்கற ஆள் இல்லையே."

"இன்னிக்கு வரைக்கும் நானும் அப்படித்தான் நினைச்சேன்," என்றாள் கத்திரி. அக்கூற்றில் கேலி இல்லை. அந்நாளுக்கு முன்பு அவள் கேலி இல்லாமல் பேசி மருமகள் கேட்டதே இல்லை.

உரிம அலுவலகத்தின் முன் வண்டியை நிறுத்த இடம் கிடைக்கவில்லை. இரண்டு சரக்கு வண்டிகளுக்கு நடுவே, கண்ணாடிகளை மடக்கினால் மட்டுமே நுழையக்கூடிய இடைவெளியில், மருமகள் ஒரே வீச்சில் பின்னால் சென்று வண்டியைச் செருகினாள். சரக்கு வண்டியின் நிழலில் படுத்திருந்த ஓட்டுநர் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்.

"இறங்குங்க அண்ணி, ஓடுங்க! அப்புறம் பெருமைப்படலாம்!" என்றாள் கத்திரி.

கவுண்டர் அம்மையார் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். மருமகளைக் கண்டதும் பெருமூச்சு விட்டு, கைப்பையைக் கழற்றினார். கட்டைவிரல் மூலையைத் தடவியது. ஒருமுறை போதுமானதாக இருந்தது.

"ம். இதுதான் கல்யாணம்," என்றார். "நேரா பார்த்து உட்காருங்க. போட்டோவுல சிரிக்கக் கூடாது."

"சிரிப்பு வரலைங்க."

"நல்லது. ரொம்பப் பேருக்கு அதுதான் கஷ்டம்."

இயந்திரம் ஒரு தாளை வெளியே தள்ளியது. புதிய விதிகளுக்கு இணங்கிய உரிமம் என்று தலைப்பிட்ட தற்காலிகச் சீட்டு அது. அட்டை வரும்வரை எங்கும் செல்லும் என்று அம்மையார் விளக்கினார்.

"அட்டையைத் தபால்ல வீட்டுக்கே அனுப்பிடலாமா? இல்ல நேர்ல வந்து வாங்கிக்கறீங்களா?"

வீட்டின் தபால்பெட்டி கடை வாசலில் இருந்தது. அதன் சாவி கணவனின் சாவிக்கொத்தில் இருந்தது. நேற்று வரை அது ஒரு செய்தியே அன்று.

"நேர்ல வந்து வாங்கிக்கறேன்," என்றாள் மருமகள்.

அம்மையார் அவளைச் சற்றுக் கூர்ந்து பார்த்தார். கட்டத்தில் குறியிட்டார், ஷட்டரை இறக்கினார்.

கடைக்குத் திரும்பியபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. மாமனார் வெளியே யாருக்கோ அழைப்பிதழ்க் கட்டுகளைக் கொடுத்துக்கொண்டிருந்தார். கணவன் மேசைக்குப் பின்னால் நின்று இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றி எங்கு நோக்கினும் புதிய பேப்பர் ரோல் ஒன்றுகூட இல்லை.

தற்காலிகச் சீட்டு நான்காக மடிக்கப்பட்டு மருமகளின் இடுப்பில் இருந்தது. உள்ளே நுழையும்போதே ஒரு முடிவுடன் அவள் நுழைந்தாள்: அவன் முதலில் எதைக் கேட்கிறான் என்று பார்க்க வேண்டும். உரிமம் கிடைத்ததா என்று கேட்டால், இடுப்பிலிருந்து எடுத்து அவன் கையில் கொடுத்துவிடுவாள். கொடுத்துவிட்டு, நேருக்கு நேர் அனைத்தையும் கேட்டுவிடுவாள். வேறெதையாவது கேட்டால்?

அவன் நிமிர்ந்தான். சிரித்தான்.

"வந்துட்டியா? ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ் பக்கம் போனியா என்ன?"

மருமகளின் கை இடுப்பை நோக்கிச் செல்லத் தொடங்கியிருந்தது. அது வழியிலேயே திரும்பி, முந்தானையைச் சரிசெய்தது.

"இல்லையே, நேரம் போதலை. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான். சர்டிபிகேட்ல ஏதோ தகராறுன்னு அப்பா சொன்னார், அதான்."

"தகராறுதான். செல்லாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"அப்ப லைசென்ஸ்?"

"கிடைக்கல."

அவள் அவனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வருத்தம் என்னும் உணர்ச்சி முகத்தில் வந்து அமர்வதற்கு முன்பு, அங்கே வேறொன்று வந்து சென்றது. நீண்ட நேரம் மூச்சைப் பிடித்திருந்தவன் விட்டது போன்ற ஒரு தளர்ச்சி. கண்ணிமைக்கும் நேரம்தான். ஆனால் அவள் இமைக்கவில்லை.

"விடும்மா," என்றான் கணவன் கனிவாக. "எல்லாம் நல்லதுக்குத்தான்னு நினைச்சுக்கோ. அந்த வண்டிப் பொறுப்பாளர் நம்பர் இருக்குல்ல? நானே பேசி, நீ வரலைன்னு பக்குவமாச் சொல்லிடறேன்."

"வேண்டாங்க. என் வாயால நானே சொல்லிக்கறேன். அதுதான் மரியாதை."

"சரி, உன் இஷ்டம்." அவன் தங்கையின் பக்கம் திரும்பினான். "நீ என்ன ஊமையாயிட்டே? காலையில போனவங்க இப்ப வரீங்க. எங்கெல்லாம் சுத்தினீங்க?"

மருமகள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சுவதாகிவிடும், கெஞ்சினால் பொய் வெளிப்பட்டுவிடும். அவளுடைய வேலை, திங்கட்கிழமை, அவள் கேட்க வேண்டிய கேள்வி யாவும் அக்கணத்தில் கத்திரியின் நாக்கு நுனியில் இருந்தன.

"எங்க சுத்தறது?" என்றாள் கத்திரி, செருப்பைக் கழற்றி எறிந்தவாறே. "வரிசையில நின்னு நின்னு என் கால் வீங்கினதுதான் மிச்சம். இனிமே உன் பொண்டாட்டிக்குத் துணை வேணும்னா நீயே போ. என்னை இழுக்காதே."

கணவன் சிரித்தான். இம்முறை அவனுடைய சிரிப்பு தாமதமாக வரவில்லை. "ரெண்டு பேரும் உட்காருங்க. நான் போய் டீ போட்டு எடுத்துட்டு வரேன்," என்று கூறி, படியேறி மாடிக்குச் சென்றான்.

திருமணமாகி இத்தனை ஆண்டுகளில் அவன் அடுப்பைப் பற்றவைத்ததே இல்லை. மேலே பாத்திரங்கள் உருளும் ஓசை கேட்டது. அதனூடே அவன் தாழ்ந்த குரலில் யாருடனோ தொலைபேசியில் பேசும் ஓசையும் கேட்டது. சொற்கள் புரியவில்லை.

இரு பெண்களும் தலையை உயர்த்திக் கேட்டார்கள். பிறகு கத்திரி நகர்ந்து வந்து, மருமகளின் தோளை ஒட்டி நின்றாள்.

"அண்ணி, திங்கட்கிழமை அண்ணன் எழுந்திருக்கறதுக்குள்ள நீங்க கிளம்பிடணும்ல? நான் எழுப்பி விடறேன். எத்தனை மணிக்கு?"

மருமகள் அந்த முகத்தைப் பார்த்தாள். படிக்கட்டில் நிறைந்த கண்கள் இப்போது உலர்ந்திருந்தன. சற்று முன்பு இதே வாய் அவளுக்காகத் தடுமாறாமல் பொய் கூறியது. அவ்வளவு எளிதாகப் பொய் கூறத் தெரிந்த வாய், காலையிலிருந்து அவளிடம் கூறியவற்றில் எவை பொய்?

"ஆறரைக்கு எழுப்பு, போதும்," என்றாள் மருமகள், கத்திரியின் கையை அன்புடன் அழுத்தியவாறு.

ஆறு மணிக்கு அவள் ரத்த வங்கியில் இருக்க வேண்டும்.